ஆர்.வி. பயணத்தில் உள்ளூர்ச் சாப்பாடு: வண்டியை நிறுத்துவது முதல் தட்டு வரும்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே கொண்ட பயண வண்டி) எடுத்துக்கொண்டு நெடும்பயணம் கிளம்பும் குடும்பங்கள் இரவு எங்கே தங்குவது, கழிவுநீர்த் தொட்டியை எங்கே காலி செய்வது, அடுப்புக்கான ப்ரொபேன் எரிவாயுவை எங்கே நிரப்புவது என்பதையெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டை மட்டும் பசி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. பசி எடுத்த நேரத்தில், முப்பது அடி வண்டியோடு முன்பின் தெரியாத ஊருக்குள் நுழைய யாருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே நெடுஞ்சாலை ஓரத்தில் விசாலமான பார்க்கிங் உள்ள ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஏதாவதொரு சங்கிலி உணவகத்தில் வண்டி ஒதுங்குகிறது. ஆயிரம் மைல் ஓட்டிய பிறகும் நாக்கு புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஆர்.வி.யில் போகிறவர் நல்ல உணவகத்தைத் தேடுவதற்கு முன் வண்டிக்கு இடம் தேட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கார்க்காரர் உணவகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பார்க்கிங் பார்க்கலாம். நமக்கு வரிசை தலைகீழ்: ஊரைத் தேர்ந்தெடுத்து, வண்டி நிற்கும் இடத்தை உறுதி செய்து, அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாப்பாட்டைத் தேட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

முதலில் ஒரு பின்னணி: எக்ஸிட்டில் (நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியில்) எல்லாமே ஏன் ஒன்றுபோல இருக்கிறது

மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் 1956-இல் வந்தபோதே அச்சாலைகளின் எல்லைக்குள் தனியார் வணிகம் நடத்தத் தடை விதிக்கப்பட்டது. 1960-க்கு முன்பே இயங்கிவந்த பென்சில்வேனியா டர்ன்பைக், நியூ ஜெர்சி டர்ன்பைக் போன்ற கட்டணச் சாலைகளில்தான் பெரும்பாலும் சாலையை விட்டு இறங்காமலேயே சாப்பிடக்கூடிய இடங்களைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் ஓய்விடம் என்றால் கழிப்பறையும் தானியங்கி விற்பனை இயந்திரமும்தான். சாப்பாட்டுக்கு எக்ஸிட்டில் இறங்கியாக வேண்டும் என்பதால், எக்ஸிட்டை ஒட்டிய நிலத்தைப் பெரிய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன.

எக்ஸிட்டுக்கு முன் வரும் நீலப் பலகையில் உள்ள உணவகச் சின்னங்களை ஊரின் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை கட்டணம் செலுத்தி வைக்கப்படுபவை. மேலும், அந்தப் பலகையில் இடம் பெறும் உணவகம் நாளுக்கு இருவேளையாவது, வாரத்துக்கு ஆறு நாளாவது உணவு பரிமாற வேண்டும் என்பது கூட்டரசின் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று. ஒரு மூதாட்டி தன் மகளோடு சேர்ந்து மதியம் மட்டும், வாரத்தில் நான்கு நாள் மட்டும் நடத்தும் சிறு கேஃபே அந்தப் பலகைக்கு வரவே முடியாது. நாம் தேடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தைத்தான். ஆனால் பலகையில் நமக்கு உதவும் ஒரு குறி உண்டு. சில சின்னங்களின் ஓரத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ஆர்.வி. என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அந்த இடத்தில் பெரிய வண்டி நுழைந்து, நின்று, திரும்ப வசதி உண்டு என்பது அதன் பொருள்.

படி 1: உங்கள் வண்டியின் அளவை மனப்பாடம் செய்யுங்கள்

நீளம், உயரம், அகலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒட்டிவிடுங்கள். உயரம் என்பது கூரைமேல் உள்ள ஏ.சி.யையும் சேர்த்தது. வாடகைக்குக் கிடைக்கும் சி வகை வண்டிகள் (வேன் அல்லது லாரியின் முன்பகுதியோடு கட்டப்பட்டவை) பெரும்பாலும் 10 முதல் 12 அடி உயரம் இருக்கும். பேருந்து போன்ற ஏ வகை வண்டிகள் 13 அடியைத் தாண்டக்கூடும். வண்டியில் இருந்தபடியே உணவு வாங்கும் டிரைவ்-த்ரூ பாதைகளின் உயர வரம்போ பெரும்பாலும் 9 அடியை ஒட்டியே இருக்கும். ஆகவே டிரைவ்-த்ரூவை முழுமையாக மறந்துவிடுவது நல்லது. வங்கி முகப்பு, பழைய பெட்ரோல் நிலையத்தின் கூரை, கிளை தாழ்ந்த மரம் நிற்கும் தெரு ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள்.

வழக்கமான பார்க்கிங் கட்டம் சுமார் 9 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்டது. இருபத்தைந்து அடி வண்டியை அதில் நிறுத்தினால் பின்பக்கம் வழியை மறிக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல்பகுதி, நீங்கள் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது வலப்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்கும் காரின் கதவு பெரும்பாலும் இப்படித்தான் நசுங்குகிறது. நெருக்கமான இடத்திலிருந்து கிளம்பும்போது ஒருவர் கீழே இறங்கிப் பின்மூலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏ வகை வண்டியின் பின்னால் நான்கு சக்கரங்களும் தரையில் உருளும்படி கார் கட்டி இழுக்கிறவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: அந்த நிலையில் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, எடுத்தால் இழுவைத் தண்டும் காரின் முன்சக்கரங்களும் சேதமாகும். முட்டுச்சந்து போன்ற பார்க்கிங்கில் நுழைந்துவிட்டால் காரை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் ஆர்.வி.க்கள் இரவு தங்கும் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டுக் காரில் ஊருக்குள் போவதே சரி. இழுவை டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே.

படி 2: எந்த வேளையை வெளியே சாப்பிடுவது என்று முடிவெடுங்கள்

என் உறுதியான கருத்து: ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அது மதியமாக இருக்கட்டும். வண்டிக்குள் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கும்போது காலை உப்புமாவுக்கும் இரவு தயிர்சாதத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை. மதியத்துக்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் பெரிய வண்டியை நிறுத்துவது எளிது. சிற்றூர்களில் அன்றைய சிறப்பு உணவு மதியத்துக்குத்தான் சமைக்கப்படும். எட்டு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும் ஊர்கள் ஏராளம். டெக்சாஸின் புகழ்பெற்ற பார்பெக்யூ கடைகளில் இரவு முழுக்கப் புகையில் வெந்த மாட்டு மார்க்கறி தீர்ந்தால் அத்தோடு அன்றைய வியாபாரம் முடிந்தது. பிற்பகலில் போய் நின்றால் தீர்ந்துவிட்டது என்ற அட்டைதான் தொங்கும். பதினொன்றரை மணிக்கு ஊருக்குள் இருப்பதுபோல் புறப்படும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்குமேல் உள்ளூர் அலுவலகங்கள் காலியாகி, மேசையும் நிறைந்துவிடும், பார்க்கிங்கும் நிறைந்துவிடும்.

கிழமையையும் பாருங்கள். சிறு உணவகங்கள் ஞாயிறும் திங்களும் மூடியிருப்பது சகஜம். நேர மண்டலமும் ஏமாற்றும்: கோடையில் அரிசோனாவிலிருந்து நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்தவுடன் ஒரு மணி நேரம் பறிபோகும், ஏனெனில் அரிசோனாவின் பெரும்பகுதி கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை; அங்குள்ள நவஹோ பழங்குடியினரின் நாட்டுப் பகுதி மட்டும் பின்பற்றுகிறது. தெற்கு டகோடா, நெப்ராஸ்கா, டென்னசி ஆகியவை ஒரே மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேர மண்டலங்களாகப் பிரிந்தவை. இரண்டு மணிக்கு மூடும் கடைக்கு ஒன்றரைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டரைக்குப் போய் நிற்பது இப்படித்தான் நேர்கிறது.

படி 3: முந்தைய இரவே ஊரைத் தேர்ந்தெடுங்கள்

மறுநாள் பாதையில் மதிய நேரத்தை ஒட்டி வரும் மூன்று ஊர்களை வரைபடத்தில் குறியுங்கள். மாவட்டத் தலைநகராக இருக்கும் ஊருக்கு முதலிடம் கொடுங்கள். அங்கே நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி ஒரு சதுக்கம் இருக்கும். எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் காவல் அலுவலர்களும் நாள்தோறும் சாப்பிட்டாக வேண்டும். அவர்களை நம்பி நடக்கும் கடை சுவை குறைந்தால் நிலைக்காது. கல்லூரி இருக்கும் ஊர் இரண்டாவது தேர்வு.

பச்சை நிறக் கேடயத்தில் பிசினஸ் என்று எழுதிய சாலைப் பலகைக்கு அதிகம் பேர் கவனம் கொடுப்பதில்லை. வழக்கமான இன்டர்ஸ்டேட் கேடயம் சிவப்பும் நீலமுமாக இருக்கும். பச்சைக் கேடயம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து பழைய ஊரின் நடுவே போய், மறுபடி நெடுஞ்சாலையில் சேரும் கிளைப்பாதையைக் காட்டுகிறது. நெடுஞ்சாலை வருவதற்கு முன் எல்லா வண்டிகளும் போன வழி பெரும்பாலும் அதுவே. 1926-இல் எண் இடப்பட்டு, 1985-இல் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட யு.எஸ். 66 (ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை) பல ஊர்களில் இன்று இப்படித்தான் உயிரோடு இருக்கிறது. பழைய உணவகங்கள் அந்தப் பாதையில்தான் இருக்கும். லாரிகள் ஓடிய சாலை என்பதால் அகலமாகவும் இருக்கும். பெரிய வண்டி போய்வரக் கவலை குறைவு.

ஊர் முடிவானதும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வண்டிக்கு இடம் தேடுங்கள். ரயில் பாதையை ஒட்டிய வெற்றிடம், சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிய நகராட்சிப் பார்க்கிங், மாவட்டக் கண்காட்சித் திடல், பூங்காவின் நீண்ட ஓரம், வார நாளில் காலியாகக் கிடக்கும் தேவாலயப் பார்க்கிங் ஆகியவை பொருத்தமானவை. தனியார் இடமாக இருந்தால் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாக இருக்கும் இடம் மிகச் சிறந்தது. தெருப்படக் காட்சியில் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, தாழ்ந்த கம்பிகளும் உயர வரம்புப் பலகையும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நெவாடா, யூட்டா, மான்டானா போன்ற மாநிலங்களில் மணிக்கணக்கில் சிக்னல் கிடைக்காது. அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துவிட்டே தூங்கப் போங்கள்.

படி 4: விமர்சனங்களைப் படிக்கும் முறை

நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சுற்றுலாத் தலத்துக்குப் பக்கத்தில் உள்ள சுமாரான கடைக்கு ஆயிரக்கணக்கில் விமர்சனம் குவிந்திருக்கும். ஊர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் கடைக்கு எண்பதுகூட இருக்காது, ஏனெனில் தினமும் போகிறவர் விமர்சனம் எழுதுவதில்லை. புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அவர்கள்தான் குறையையும் நிறையையும் ஒருசேரச் சொல்வார்கள். ஒரே பலகாரத்தின் பெயரைப் பலரும் தனித்தனியே குறிப்பிட்டிருந்தால் அதற்காகவே போகலாம். படங்களில் உணவைவிடப் பின்னணியைக் கவனியுங்கள்: பக்கத்து மேசையில் வேலை உடுப்போடு இருப்பவர்களா, தோளில் கேமராவோடு இருப்பவர்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை ஊகம் தேவையில்லை. பல மாவட்டங்களின் சுகாதாரத் துறைகள் உணவக ஆய்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. வட கரோலினாவில் மதிப்பெண்ணும் தர எழுத்தும் கொண்ட அட்டை உணவகத்திலேயே மாட்டப்பட்டிருக்கும்.

அடுத்து, தொலைபேசி. பத்தரை மணிக்கு ஒரு முறை அழைத்து, இன்று திறந்திருக்கிறீர்களா, முப்பதடி வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். இணையத்தில் எங்கும் கிடைக்காத விடை அதில் கிடைக்கும்: பின்பக்கச் சந்து வழியாக வாருங்கள், எதிரே உள்ள தீவனக் கடையின் பக்கவாட்டில் நிறுத்துங்கள், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பார்கள். மனிதர் எடுத்துப் பேசும் விதத்திலேயே அந்தக் கடை எப்படிப்பட்டது என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

படி 5: யாரிடம், எப்படிக் கேட்பது

இங்கே நல்ல உணவகம் எது என்று கேட்டால், வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைக்கும் இடத்தின் பெயர்தான் வரும். நீங்கள் கடைசியாக வெளியே சாப்பிட்டது எங்கே, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். கேள்வி மாறினால் விடையும் மாறிவிடும். ப்ரொபேன் நிரப்பித் தருகிறவர், இரும்புக்கடைக்காரர், துணி துவைக்கும் கடையில் காத்திருப்பவர், அஞ்சல் அலுவலக ஊழியர் ஆகியோர் நல்ல தகவலாளிகள். முகாம் அலுவலகத்தில் வைத்திருக்கும் அச்சிட்ட தாளில் உள்ளவை பெரும்பாலும் விளம்பரங்கள். தாளை வாங்கிக்கொண்டு, தாளைக் கொடுத்தவரிடமே தனியாகக் கேளுங்கள்.

1935-இல் டங்கன் ஹைன்ஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி, வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றியபோது சாப்பிட்டு நன்றாக இருந்த 167 உணவகங்களின் பட்டியலைக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார். அதற்கு எழுந்த வரவேற்பே பின்னாளில் அவரை நாடறிந்த வழிகாட்டியாக்கியது. சாலையில் பிழைப்பு நடத்துகிறவரின் நாக்கை இன்றும் நம்பலாம். பொருள் கொண்டுவந்து இறக்கும் லாரி ஓட்டுநரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

அறிவிப்புப் பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். தன்னார்வத் தீயணைப்பு நிலையம் நடத்தும் பான்கேக் காலை உணவு, தேவாலயத்தின் கோழி விருந்து, விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும் மீன் வறுவல் விருந்து ஆகியவை எந்தச் செயலியிலும் சரியாக வராது. இவற்றில் பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது, பார்க்கிங்குக்குத் திடல் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுக்கிறார். ஒரு ஊரை அறிய இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 6: வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

வெளியே நிற்கும் வண்டிகளின் எண் பலகைகள் அதே மாநிலத்தவையா என்று பாருங்கள். சேறு படிந்த பிக்கப் லாரிகள் நான்கைந்து வரிசையாக நின்றால் நல்ல அறிகுறி. உள்ளே கல்லாவுக்குப் பின்னால் ஆணிகளில் கோப்பைகள் தொங்கும் கேஃபேக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வாடிக்கையாளரின் பெயர் எழுதியிருக்கும், அவர் வந்ததும் கேட்காமலேயே அதில் காபி ஊற்றி வைப்பார்கள். வெள்ளைப் பலகையில் அன்றைய உணவு கையால் எழுதப்பட்டிருக்கும். கீழே ஐந்து வகை ‘பை’ (pie என்ற சுட்ட இனிப்புப் பண்டம்) எழுதி, அதில் இரண்டு ஏற்கெனவே துடைக்கப்பட்டு, துடைத்த இடத்தில் மார்க்கரின் நிழல் மட்டும் மீந்திருந்தால், அவை அன்று காலை அங்கேயே சுட்டவை என்று கிட்டத்தட்டத் துணிந்து சொல்லலாம். பட்டியல் ஒரு பக்கத்தில் முடிந்தால் மகிழுங்கள். பர்கர், பாஸ்தா, டாக்கோ, ஸ்டிர்-ஃப்ரை என்று எட்டுப் பக்கம் நீண்டால் சமையலறையில் பெரும்பகுதி உறைநிலைப் பெட்டியிலிருந்தே வருகிறது.

வட்டாரத்துக்கு உரியதையே கேளுங்கள். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்த பாஸ்டி என்ற இறைச்சிப் பொதி, தெற்கு லூசியானாவில் பெட்ரோல் நிலையங்களிலேயே சூடாக விற்கும் அரிசி சாசேஜ், மெய்ன் கடற்கரையில் கோடையில் மட்டும் திறக்கும் லாப்ஸ்டர் குடில்கள் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று இருக்கிறது. நியூ மெக்சிகோவில் சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள். மிளகாய்க் குழம்பின் நிறத்தைக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமானால் கிறிஸ்துமஸ் என்று சொன்னால் போதும். நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும் காரம் அது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் பலவும் இங்கேதான் திணறுகின்றன. சிற்றூர் உணவகத்தில் வெஜிடேரியன் என்று சொன்னால், தட்டில் இறைச்சித் துண்டு இருக்கக் கூடாது என்று மட்டும் புரிந்துகொள்ளும் பரிமாறுநர்கள் உண்டு. ஆகவே பொதுச்சொல்லை விட்டுவிட்டுப் பொருள் பொருளாகக் கேளுங்கள். மெக்சிகன் உணவகத்தில் மசித்த பீன்ஸில் லார்ட், அதாவது பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா, சாதம் கோழிச்சாற்றில் வெந்ததா என்று கேட்க வேண்டும். தென் மாநிலங்களில் காய்கறித் தட்டு என்று பெயர் போட்டிருந்தாலும், பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சி போட்டு வேக வைப்பதே அங்கே மரபு. உருளைக்கிழங்கு வறுவலும் கோழியும் ஒரே எண்ணெயிலா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. பச்சை மிளகாய்க் குழம்பிலும் சில சமையலறைகளில் பன்றி இறைச்சி கலந்திருக்கும். இவற்றைச் சங்கடப்படாமல், புன்னகையோடு, கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால் சமையற்காரரே வெளியே வந்து விளக்குவதும் உண்டு.

பஞ்சாபி லாரி ஓட்டுநர்களுக்கு நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்க லாரித் தொழிலில் அவர்கள் பெருகியதால், ஐ-40 இன்டர்ஸ்டேட் போன்ற முக்கியப் பாதைகளை ஒட்டி ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் லாரிகள் நின்று போகும் ட்ரக் ஸ்டாப்புகளிலேயே தாபாக்கள் (பஞ்சாபிச் சாலையோர உணவகங்கள்) வந்துவிட்டன. சூடான ரொட்டியும் பருப்பும் கிடைக்கும் அந்த இடங்களில் பெரிய வண்டி நிறுத்துவது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் சாப்பிட்டவுடன் இடத்தைக் காலி செய்துவிடுங்கள். ஒரு நாளில் 11 மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது என்பது லாரி ஓட்டுநர்களுக்கான விதி. மாலையில் அவர்களுக்கு நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் சாலையோரத்தில் ஆபத்தாக ஒதுங்க வேண்டியிருக்கும். இரவுத் தூக்கத்துக்காக லாரிக்கான கட்டத்தை ஆர்.வி. பிடித்துக்கொள்வது தவறு.

படி 7: சாப்பாடும் தங்குமிடமும் ஒன்றாக

ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற உறுப்பினர் திட்டத்தில் பண்ணைகளும் திராட்சை மதுக்கூடங்களும் சிறு மது வடிப்பகங்களும் ஓரிரவு தங்க இடம் தருகின்றன. தங்குவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அவர்களிடம் எதையாவது வாங்குவது எதிர்பார்க்கப்படுகிறது. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பாலாடைக்கட்டியும் முட்டையும் அன்று பறித்த காய்களும் கிடைக்கும் இத்தகைய இரவுகளில் உங்கள் சமையலறையே உள்ளூர் உணவகமாகிவிடும்.

சாலையோரப் பண்ணைக் கடையில் பழம் வாங்கும்போது மறுநாள் பாதையையும் பாருங்கள். கலிஃபோர்னியா எல்லையில் வேளாண் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. வெளிமாநிலப் பழங்கள் சிலவற்றை அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஆசையாக வாங்கிய பெட்டியை எல்லைக்கு முன்பே தீர்த்துவிடுவது நல்லது.

படி 8: நடத்தை

கடைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரை ஓடவிடாதீர்கள். திறந்தவெளி மேசையில் சாப்பிடுகிறவர்களுக்குப் புகையும் சத்தமும் போகும். கடையின் முகப்பை மறைத்து நிறுத்தாதீர்கள், ஏனெனில் அன்றைய வியாபாரம் கெடும். சிறு கடைகளில் கார்டு வாங்காத இடங்கள் இன்னும் உண்டு. கையில் ரொக்கம் வைத்திருங்கள். மேசையில் வந்து பரிமாறும் இடங்களில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பரிமாறுகிறவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

படி 9: குறிப்பு எழுதுங்கள்

சாப்பிட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பியதும், எஞ்சினைக் கிளப்பும் முன் ஐந்து வரி எழுதிவிடுங்கள். உணவின் சுவையைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள், ஆர்.வி.க்காரருக்குத் தேவையானதை எழுதத்தான் ஆளில்லை. உங்கள் வண்டியின் நீளம், எந்தத் தெருவில் நிறுத்தினீர்கள், எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறினீர்கள், எங்கே கிளை தாழ்ந்திருக்கிறது, கடை எந்தெந்த நாள் மூடியிருக்கும், பீன்ஸில் கொழுப்பு சேர்ப்பதுண்டா என்பவற்றைத் தேதியோடு உங்கள் குறிப்பேட்டிலும், வரைபடச் செயலியில் அந்த உணவகத்தின் விமர்சனப் பகுதியிலும் பதிந்துவையுங்கள்.